ஃப்ளோராவின் காது

நான் குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தியாகராய நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகப் பணியாளர் பிரிவைப் பார்க்கிறேன். ஒருவரை நாங்களே நீக்கினால் காரணத்தை நாங்கள் எழுத வேண்டும். அவர் வக்கீலோடு வந்து நிற்பார். ராஜினாமா என்றால் காரணத்தை அவரே எழுதித் தந்துவிடுவார். அதனால்தான் கேட்டு வாங்குகிறோம். வாங்கித் தருவது என் வேலை.

தொலைபேசி ஆபரேட்டராக ஃப்ளோரா இருபத்துமூன்று வருடம் இருந்தார். ஒரு புகார் கிடையாது, அதுதான் தொல்லை. அவர் இடத்துக்குத் தானே பதில் சொல்லும் இயந்திரம் வரவிருந்தது. போகச் சொன்னேன்.

"என்ன தப்பு சார் பண்ணேன்? அதைச் சொல்லுங்க, போயிடறேன்."

நியாயமான கேள்விதான். பதில் இல்லாததால் எனக்குக் கோபம் வந்தது.

அவருடைய ஹெட்போனின் சத்தத்தை என் கணினியிலிருந்தே குறைக்கலாம். வாரம் ஒரு புள்ளி குறைத்தேன். எங்கள் கணினிப் பிரிவு வலியுல்லா விசாரணைக்காக உங்களுக்கு எடுத்துக் கொடுத்த பதிவில் தேதிகள் சரியாகவே இருக்கும். நேரில் பேசும்போது என் குரலையும் தணித்துக்கொண்டேன். இரண்டே மாதத்தில், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்று நோயாளிகளிடம் கெஞ்ச ஆரம்பித்தார்.

"சர்ச் கொயர்ல நல்லாத்தான் சார் கேக்குது. இங்கதான்..."

"பாட்டு கேக்கும்மா. பேச்சுதான் முதல்ல போகும். எங்க அத்தைக்கும் இப்படித்தான்."

அத்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை. காது டாக்டரிடம் போனால் விஷயம் நிர்வாகத்துக்கு எட்டிவிடும் என்று பயமுறுத்தி, மலிவான காது மெஷின் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு, தூங்கும்போது மட்டும் கழற்றச் சொன்னேன்.

"தலையே தெறிக்குது சார்."

"பழகிடும்."

கண் கலங்க நன்றி சொன்னார். நான் புள்ளிகளைக் குறைப்பதை நிறுத்தவில்லை. ஜூன் மாதம், காது கேட்காததால் விலகுவதாகத் தன் கைப்பட எழுதித் தந்தார். இரண்டாம் முறை நான் கேட்கவே இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்தார். கொயரை விட்டுவிட்டாராம். நரம்பு போய்விட்டது, இனி மெஷினாலும் பயனில்லை என்று டாக்டர் எழுதிக் காட்டினாராம். பெரிய சத்தத்தில் ஏதாவது வேலை பார்த்தீர்களா என்றும் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டாராம் ஃப்ளோரா.

எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து கேக்கை வெட்டியபடி, என் வழக்கமான குரலில், ஹெட்போனிலிருந்து மெஷின் வரை ஒன்று விடாமல் சொன்னேன். மெஷின் காதைக் கெடுக்கும் என்று தெரிந்துதான் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க சார்," என்றார்.

அவரே மன்னித்துவிட்டார். அதன் பிறகும் நீங்கள் ஏன் இதையெல்லாம் என்னிடம் எழுதி வாங்குகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.