மதியப் பூனைகள்

பூனைகளுக்குக் கடிகாரம் தேவையில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், மூன்றும் லாயத்தின் கடைசி அறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த அறை காலியாகி ஒரு வாரம் ஆகிறது, நேற்றும் வந்திருந்தன. அவற்றின் முன்னால் கிடந்த தகர மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா ஊத்துவே?" என்று கேட்டீர்கள், டாக்டரம்மா. பதிலை இப்போது எழுதித் தருகிறேன்.

நான் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். சாமி கும்பிடாமல் லாயத்துக் கதவைத் திறந்ததில்லை. பதினாறு வருடத்தில் ஒரு குதிரையையும் அடித்ததில்லை. "நானும் நாலு காலோட பொறந்திருந்தா எனக்கும் தலை சீவி விட்டிருப்பீங்க" என்பாள் என் மனைவி.

அந்தக் கடைசி அறையில் இருந்த பெண்குதிரை நடக்கிற தோரணையைப் பார்த்துப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்தது முதலாளிதான். அவளுடைய முதல் குட்டி நன்றாக வளர்ந்தது. ஆறு மாதத்தில் அதைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். நான்கு நாள் வேலியோரம் ஓடி ஓடிக் கத்தினாள். புல்லைத் தொடவில்லை. என்னையும் கிட்டே விடவில்லை.

இரண்டாவது முறை, பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே மடியிலிருந்து பால் சொட்டியது. பதறிப்போய் உங்களை அழைத்தவன் நான்தான். "மடியைத் தொடாதே. சீம்பால் போயிடுச்சுன்னா குட்டிக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காது. நாலு நாள் தாங்காது" என்றீர்கள். நான் தொடவில்லை, அதுவாகவே சொட்டித் தீர்ந்தது. மூன்றாம் நாள் குட்டி போயிற்று. ஒரு பகல் முழுக்க அதன் மேல் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் என்னிடம் வந்து தோளில் தலையைச் சாய்த்தாள். கழுத்தின் கனம் முழுவதும் என்மேல். ஒரு மணி நேரம் அசையாமல் நின்றேன்.

ஆறு மாதம் பாலூட்டிவிட்டுப் பிரிவதைவிட, மூன்று நாளில் பிரிவது சின்ன வேதனை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாவது முறை அவளுக்குப் பால் சொட்டவில்லை. நான் கறந்தேன். குட்டி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே, தினமும் மதியம், வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காமல். கெட்டியாக, தேன் நிறத்தில் வரும். கொட்ட மனம் வராமல் பூனைகளுக்கு ஊற்றினேன். "மறுபடி ஒழுகுதா?" என்று கேட்டீர்கள். "ஆமாம்மா, தானா ஒழுகுது" என்றேன். அந்தக் குட்டியும் மூன்றாம் நாள் போயிற்று. நான்காவது முறையும் அப்படியே. அந்தக் கடைசிக் குட்டிக்கு ஒரு கால் மட்டும் வெள்ளை. நானே துண்டால் துடைத்து, தூக்கிப் பிடித்து, காம்பில் வாய் வைக்கச் செய்தேன். ஆசையாகக் குடித்தது. அதில் சீம்பால் இல்லை என்று அதற்குத் தெரியாது.

குட்டி போன மறுநாள் பெரியம்மாவுக்குக் காய்ச்சல். மூன்று முறை முன்கூட்டியே பால் ஒழுகியதால், கர்ப்பப்பையில் தீராத நோய் இருக்கலாம் என்றீர்கள். முதலாளி, "எதுக்கு வச்சு வதைக்கணும்? முடிச்சிடுங்க" என்றார். நீங்கள் உடனே ஊசியை எடுக்கவில்லை. என்னைத் தனியே அழைத்தீர்கள்.

"மறைக்காம சொல்லு. யாராவது மடியைக் கறந்தாங்களா? கறந்திருந்தா இது கர்ப்பப்பை நோயே இல்ல, வெறும் மடி வீக்கம்தான். காய்ச்சல் ரெண்டு நாள்ல இறங்கிடும். அவ பொழைச்சுக்குவா."

"இல்லம்மா. யாரும் தொடல" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள். அடுத்த வருடம் இன்னொரு குட்டி பிறந்திருக்கும், அதையும் பிரித்திருப்பார்கள். அவள் கத்தும்போது பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்? அதையும் யோசித்துத்தான் சொன்னேன்.

ஊசி போடும்போது நான் கயிற்றைப் பிடிக்கவில்லை. தேவைப்படவில்லை. அவள் தலை என் தோளில் இருந்தது. நீங்களே பார்த்தீர்கள், டாக்டரம்மா. வேறு யார் தோளிலும் அவள் தலை வைத்ததில்லை.