முப்பத்தெட்டை விட்டுத் தர மாட்டோம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் ஃபிராங்க் பெட்ராக் அவர்களே, கூட்டத்துக்கு மாதா கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்ட அருட்தந்தையே, ஆலையில் இரும்பை உருக்கி ஆட்டத்தில் தொண்டையை உருக்கிய பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, கூரையில்லாத வெயில் வரிசையில் என்னோடு கருகிய தோழர்களே, உங்கள் ரொட்டிக்கடை ஐரினின் வணக்கம்.

நம் பேஸ்பால் அணியின் பந்து வீச்சாளர் எமில் நொவாட்னி ஓய்வு பெற்ற நாளில், அவர் சட்டை எண்ணை இனி எவரும் அணியக்கூடாது என்று மைதானச் சுவரில் ஏற்றினோம். அந்த எண் முப்பத்தெட்டு. அதை இறக்கிப் புதிதாய் வந்த ஆட்டக்காரருக்குத் தரப்போகிறதாம் அணி நிர்வாகம். ஏன்? எமிலின் புள்ளிவிவரத்தில் பெரிய சாதனை இல்லையாம்.

இல்லையா? மட்டையை நெருங்கும்வரை நேராக வந்து, நெருங்கியதும் வளைந்த அந்தப் பந்தை நாம் பார்க்கவில்லையா? பெருநகர அணிகள் பெட்டி பெட்டியாய்ப் பணத்தோடு அழைத்தபோதும் இந்தப் புகை பிடித்த ஊரை விட்டுப் போகாத மனிதரை நாம் பார்க்கவில்லையா?

ஓர் ஆட்டம் சொல்கிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

கடைசிச் சுற்று. எதிரணியில் ஒருவரையும் அதுவரை எமில் பந்தை அடிக்க விடவில்லை. அப்படியே ஆட்டத்தை முடித்தால் பெரிய சாதனை. அந்த நேரத்தில் அதை வாய்விட்டுச் சொன்னால் ராசி போச்சு என்பது குழந்தைக்கும் தெரியும். சக ஆட்டக்காரர்களே அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அரங்கமே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அப்போது நம் தலைவர் எழுந்தார்.

"எமிலு, இன்னும் ஒருத்தன்கூட அடிக்கலப்பா!"

அடுத்த பந்தை அடித்தான் ஒருவன். கடலைத்தோல் மழை பொழிந்தது அண்ணன் தலையில். "கடலைய வாயில போட்டுக்கிட்டுச் சும்மா கெடந்திருக்கலாம்ல?" என்றது ஒரு குரல். அங்கே தொப்பி போட்டுச் சிரிப்பவரே, அந்தக் குரல் உங்களுடையதுதான்.

ஆட்டம் முடிந்து எமில் நேரே நம் வேலியருகே வந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் ஃபிராங்க், நீ வாயால அடிச்சியா? பந்தப் போட்டது நானு. வளைய வேண்டியது வளையல. நாளைக்கும் வந்து கத்து."

சாதனை கைநழுவிய அந்த நிமிடத்தில் ஒரு மனிதனைத் தலைநிமிர்ந்து வீட்டுக்கு அனுப்பினாரே, அது எந்தப் புள்ளிவிவரத்தில் இருக்கிறது? குளிர்சாதன அறையில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

புதிதாய் வரும் பிள்ளை மீது நமக்குக் கோபமில்லை. அவன் எந்த எண்ணில் ஆடினாலும் கைதட்டுவோம். ஆனால் முப்பத்தெட்டில் ஆடினால், முதல் நாள் ஆட்டத்துக்கு வெயில் வரிசையில் ஒருவரும் இருக்க மாட்டோம். அத்தனை பேரும் மைதான வாசலில் மறித்து நிற்போம்.

இன்று காலை எமிலே என் கடைக்கு வந்தார். "நம்பர்தான ஐரின், விட்டுடு" என்றார். அவர் பேச்சை நான் தட்டியதே இல்லை. இன்று தட்டினேன்.

"பந்தப் போட்டது நீங்க. பாத்தது நாங்க. எங்க நம்பர விட்டுக்கொடுக்க நீங்க யாரு?" என்றேன்.

வாசலில் சந்திப்போம். பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.