தோற்கக் கற்ற தீப்பெட்டிகள்

எண்ணுக்கு இனியவரே! ஏரணத்துக்கு உரியவரே! எங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் தாங்களும் தேய்ந்து இன்று பணி ஓய்வு பெறும் கணித ஆசான் எம்பார் அவர்களே! தாங்கள் ஏறாமல் திருவள்ளூர் ரயில் ஒருநாளும் புறப்பட்டதில்லை. ஓட்டுநரே எங்களிடம் சொன்னார்.

யந்திரம் தானே கற்குமா என்று தபாலில் வந்த சஞ்சிகைகளைப் படித்துப் படித்து, அறுபத்தேழாம் ஆண்டில் தாங்கள் பதினோரு தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு யந்திரம் சமைத்தீர்கள். அது ஆடும் ஆட்டத்துக்குப் பதினோரு கற்கள், முறைக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கலாம், கடைசிக் கல்லை எடுத்தவர் தோற்றார். மீதமுள்ள கற்களின் எண்ணுக்குரிய பெட்டியைக் குலுக்கினால் ஒரு புளியங்கொட்டை விழும்; சிவப்பானால் ஒரு கல் எடுக்கச் சொல்லும்; வெள்ளையானால் இரண்டு எடுக்கச் சொல்லும். வென்றால் அந்த நிறத்தில் ஒரு கொட்டை கூடும், தோற்றால் ஒன்று குறையும். அதற்கு அதுவே படிப்பு. தினமும் அதனுடன் ஆடிக் கொட்டை போடும் பொறுப்பை அலுவலக உதவியாளர் அப்பாவு ஏற்றார்.

"திங்கக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து அதிகாரி வர்றார். பெட்டி ஜெயிக்கலேன்னா அது அடுப்புக்குத்தான், கணக்கு அறைக்கும் பூட்டுதான்," என்றார் கண்காணிப்பாளர்.

அதிகாரி வந்தார், ஆடினார், ஒன்பது முறையும் வென்றார். அடுப்பு பற்ற வைக்க ஆள் போயாயிற்று. தாங்களோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "சும்மா குலுக்கினாலே ஒம்போதுல ஒண்ணாவது ஜெயிச்சிருக்கணுமே சார். ஒண்ணுகூட இல்லேன்னா இது கத்துண்டிருக்கு. தோக்கறதுக்குக் கத்துண்டிருக்கு. அப்பாவு, என்னப்பா பண்ணினே?" என்றீர்கள்.

"இன்னா சார் பண்றது? பாவம், தோத்துப் போய்க்கினே இருந்துச்சு. மனசு கேக்கல. தோத்தப்பல்லாம் ஆறுதலா ஒரு கொட்ட போட்டேன். ஜெயிச்சவனுக்கு இன்னாத்துக்கு சார்?"

"அப்போ கடைசிக் கல் எடுக்கறவர் ஜெயிச்சார்னு வெச்சுண்டு ஆடுங்கோ சார்!" என்றீர்கள்.

அதிகாரி ஆடினார். தொடர்ந்து ஏழு முறை தோற்றார். வேர்த்த முகத்தோடு, "ஏம்ப்பா, எனக்கு ஆறுதல் கிடையாதா?" என்றார். அப்பாவு அவர் உள்ளங்கையில் ஒரு கொட்டை வைத்தார். அதை மூடிய கையோடு மறுகையால் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்திட்டார். அறை பிழைத்தது, பெட்டி பிழைத்தது.

அன்று முதல், தேறாத மாணவனைக் கண்டால், "இவனுக்குக் கொட்டை போட்டது யார்?" என்று எங்களைத்தான் கேட்டீர்களேயன்றி, அவனை ஒருநாளும் கடிந்ததில்லை. எத்தனை பேர் அந்தக் கேள்வியால் கரையேறினார்கள்!

கண்ணொளி குன்றாது, காலுரம் தளராது, தாங்கள் நூறாண்டு வாழ நம்மூர் வீரராகவப் பெருமாள் அருள்க! தங்களை இழந்து இன்று நாங்கள் தோற்று நிற்கிறோம். போகுமுன் எங்களுக்கும் ஆளுக்கொரு கொட்டை போட்டுவிட்டுப் போங்கள்.

இங்ஙனம்,
ஆசிரியர்கள், அலுவலர்கள்,
கொட்டைப் பொறுப்பு அப்பாவு.
திருவள்ளூர், 30-6-1978