கறுத்த மேஸ்

சமயம் எண்டே சொல்லுங்கோ தம்பி. ஓம், பொய்தான். ஆனா அதை நான் தொடக்கேல்லை, உந்தப் பள்ளிக்கூடம்தான் தொடக்கினது. பிரின்சிப்பல் இன்னும் கூப்பிடேல்லை, இதிலை இருங்கோ. உள்ளை இங்கிலிசிலை மாத்திச் சொல்லப்போறது நீங்கள், உங்களுக்கு முழுக்கத் தெரிய வேணுமெல்லே.

நான் தில்லையம்பலம். அட்சயாவின்ரை பெரியப்பா. அவள் இஞ்சை கனடாவுக்கு வந்த புதிசிலை ரீச்சர் ஒரு படம் காட்டினவ. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தாம் ஆண்டு, அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையள். பெட்டையளுக்குச் சட்டைக்கு மேலை வெள்ளை ஏப்ரன், தலையிலை சுளகு மாதிரி ரிபன், தொடை வரைக்கும் காலை மூடுற கறுத்த மேஸ். பெடியளுக்கு முழங்காலோடை நிக்கிற காற்சட்டை, அவைக்கும் அதே கறுத்த மேஸ். வெள்ளிக்கிழமை எல்லாரும் இப்பிடி வாங்கோ எண்டிட்டா.

ஒரு நாளைக்குத்தான் எண்டு ஆர் கண்டது? யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூடம் உடுப்புச் சொன்னா அது யூனிபோம். கடைசியாக் கனடாக்காரனுக்கும் புத்தி வந்திட்டுது எண்டு மூண்டு சோடி தைச்சனான். ஓம், நான்தான். மனுசி பக்டரிக்குப் போறவ, மிசின் என்னோடை.

திங்கட்கிழமை பாத்தா இவள் மட்டும் அந்த உடுப்பிலை. மற்றதுகள் கிழிஞ்ச டெனிம். தாய் தேப்பன்மாருக்குக் கவனமில்லை எண்டு நினைச்சன். எனக்கு ஆக்களோடை கதைக்கக் கூச்சம், எண்டாலும் எங்கடை பில்டிங்கிலை கதவு கதவாத் தட்டிச் சொன்னன். யூனிபோம் எண்டா எங்கடை சனம் உரு வந்து ஆடுமே! அருள்நாயகம் அண்டைக்கே தன்ரை பெடியளைக் கொண்டந்து அளவெடுப்பிச்சவர். அடுத்த கிழமை பதினொரு பிள்ளையள் பழங்கால அமெரிக்காவாப் போச்சினம்.

இதுக்கிடையிலை படம் காட்டின ரீச்சர் பிள்ளைப்பேற்று லீவிலை போயிட்டா. புதுசா வந்தவ கை கூப்பி வணக்கம் சொல்லி, இது உங்கடை சமய உடுப்போ எண்டு கேட்டவவாம். அது அவவின்ரை ஆச்சி போட்ட உடுப்பு! பிறகு பல நாட்டு விழா வந்துது. பதினொண்டையும் இலங்கை எண்டு எழுதின போர்ட்டுக்குக் கீழை, கையிலை வடையோடை நிப்பாட்டினா. ஒரு வெள்ளைக்காரி வந்து, உங்கடை ஊர் வெயிலுக்கு உந்த மேஸ் அவியாதோ எண்டு கேட்டவ.

சிரியுங்கோ, சிரியுங்கோ. பிறகு எங்கடை பில்டிங் சச்சிதானந்தன்ரை மகள் பள்ளிக்கூடத்திலை விசாரிச்சதிலை, அது ஒரு நாள் உடுப்பு எண்டு வெளியிலை வந்திட்டுது. பத்துப் பேரும் டெனிமுக்குத் திரும்பீட்டினம். அருள்நாயகம் இப்ப நான் நிக்கிற எலிவேற்றரிலை ஏறார். அட்சயா மட்டும் கழட்டமாட்டன் எண்டு நிக்கிறாள். இப்ப பிரின்சிப்பல் சொல்லுறார், ஜிம்முக்கு மேஸைக் கழட்டி அரைக் காற்சட்டை போட வேணுமாம். சீக்கியப் பெடியன்ரை தலைப்பாகையை விட்டவர்தானே, சமயம் எண்டா இதையும் விடுவார்.

என்ன, நீளக் காற்சட்டையோ? போடலாம். போட்டா, நீ மட்டும் ஏன் நீளம் எண்டு பிள்ளையள் கேக்குங்கள். இந்த உடுப்பைப் பாத்தா சிரிக்குதுகள். சிரிக்கிறதுகள் காலைப் பற்றிக் கேக்கிறேல்லை.

இடக்கால் தம்பி. ஊரிலை ஷெல் பட்டது. நடப்பாள், ஓடுவாள், ஒண்டுமில்லை. சதைதான் கொஞ்சம் பாக்கேலாது.

அந்தப் படத்தை அவள் வீட்டை கொண்டந்தவள். இருபத்தாறு பிள்ளையள், அத்தினை காலும் கறுப்பு. இதிலை ஆருக்கு ஷெல் பட்டது, சொல்லுங்கோ பாப்பம் பெரியப்பா எண்டாள். நானும் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொண்டாப் பாத்தன். சொல்லத் தெரியேல்லை.

கதவு திறக்கினம். எழும்புங்கோ தம்பி. சமயம் எண்டே சொல்லுங்கோ.