வந்தவர் கடைந்த வளையங்கள்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் அன்புத் தலைவர் அவர்களே, தீயோடு மல்லுக்கட்டித் தழும்பு வாங்கிய தீயணைப்புச் சங்கத்துப் பெரியோர்களே, அடுப்பையும் வீட்டுக்காரர் கோபத்தையும் ஒரே கையால் அணைக்கத் தெரிந்த தாய்மார்களே, கடைசி வரிசை இளங்காளையரே, உங்கள் செயலாளரின் பணிவான வணக்கம்.

"குடியேறிப் பத்தாண்டு ஆகாதவரைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை" என்றொரு தீர்மானம். அதை முன்மொழியத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். படிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இந்த நாடு யாருடையது?

"நம்முடையது" என்கிறார் முன்வரிசை ஐயா. சரி, நாம் யார்? மலையைக் குடைந்து பாதை சமைத்தவர் யார்? கல்லுடைக்க வந்தவர். காட்டையும் கடற்கரையையும் தண்டவாளத்தால் சேர்த்துக் கட்டியவர் யார்? கூலிக்கு வந்தவர். மானம் காக்கத் துணி தந்தவர் யார்? தறி ஓட்ட வந்தவர். நம் கல்யாண மேளம் கல்லுடைத்தவர்கள் கொண்டுவந்தது. நம் தாலாட்டில் பாதி தறிக்கூடத்தில் பிறந்தது. சொன்ன மணிக்கு வந்து நிற்கும் ஒழுங்கு ரயில்காரர்கள் கற்றுத்தந்தது. தலைவர் சிரிக்கிறார், இன்றைய கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று அவருக்குத்தான் தெரியும்.

அந்த மூன்று கூட்டமும் இந்த ஊரில் மூன்று தெருவில் வாழ்ந்தது. தெருவுக்கொரு தீயணைப்புப் படை, படைக்கொரு குழாய். ஒன்றின் திருகு வலப்பக்கம் சுற்றும். இன்னொன்று இடப்பக்கம் சுற்றும். மூன்றாவதற்குத் திருகே கிடையாது, கொக்கிதான். ஒன்றோடொன்று சேரவே சேராது. அதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை.

அப்போது ஊருக்கு வந்து ஆறே மாதமான கடைசல் பட்டறைக்காரர் ஒருவர், பித்தளையில் இரண்டு வளையங்களைக் கடைந்து எடுத்துக்கொண்டு, ரயில்காரர்கள் தெருப் படைக்குத் தலைவரான மேஸ்திரியிடம் போனார்.

"அண்ணே, இதை நடுவுல மாட்டினா மூணு குழாயும் ஒண்ணாயிடும். என்னையும் படையில சேத்துக்குங்க."

மேஸ்திரி அவற்றைக் கையில்கூட வாங்கவில்லை. "நேத்து வந்தவன் நீ. எங்க தண்ணிக்கு நீ வழி சொல்றியா? போய் வேலையப் பாருப்பா."

மறுவாரம், பட்டப்பகலில், பிரசவ ஆஸ்பத்திரியில் தீ. மாடியில் ஒன்பது தாய்மார். குளமோ தொலைவில். மூன்று குழாயையும் சேர்த்தால்தான் தண்ணீர் எட்டும். துணி சுற்றினார்கள், கயிறு கட்டினார்கள். பிய்த்துக்கொண்டு தண்ணீரெல்லாம் தெருவில் ஓடியது. படிக்கட்டு எரிகிறது, ஜன்னலில் புகை, மேஸ்திரி நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறார். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார் கடைசல்காரர்.

"தள்ளுங்கண்ணே. திட்டுறதுன்னா அப்புறமா திட்டிக்குங்க."

மாட்டினார். முடுக்கினார். தண்ணீர் மாடிக்கு ஏறியது. ஒன்பது பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

"குழந்தைகள்?" என்று கேட்கிறீர்களே அம்மா, சொல்கிறேன். எல்லாம் இன்னும் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தன. அந்த ஒன்பது பேரில் ஒருவர் மேஸ்திரியின் மனைவி. அன்று மாலையே பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் அவருக்கொரு பெண் பிறந்தாள். அவள்தான் இப்போது உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆமாம், வளையத்தைத் தொட மறுத்த மேஸ்திரி என் அப்பா. சாகும்வரை அதை நினைத்து வெட்கப்பட்டார். இன்று நாடு முழுக்கத் தீயணைப்புக் குழாய்க்கு ஒரே திருகு. அந்தப் பட்டறையில் பிறந்த அளவு அது.

இந்த வருஷம் நம் சங்கத்தில் சேரக் கேட்டு வந்தவர்கள் பதினேழு பேர். புதிதாகக் குடியேறியவர்கள். நேற்று அவர்களிடம், "பத்து வருஷம் ஆகட்டும், பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியது யார்? இந்த வாய்தான். அப்பா செய்த அதே தப்பை, அப்பாவின் வெட்கத்தைப் பார்த்து வளர்ந்த நானே செய்தேன்.

ஆகவே தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. எதிர்க்கிறேன். வேறு யாராவது முன்மொழிவதானால் மேடைக்கு வரட்டும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. என் மனம் நிறைந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. முடிவு என்னவென்று கேட்க வந்து வாசலில் நிற்கும் அந்தப் பதினேழு பேருக்கும் என் வணக்கம். ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, பயிற்சி நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு.