டான்ஸ் இன்டர்வியூவில் கிரேன் சிக்னல்

ரயில் மீஞ்சூர் தாண்டியதும், எதிர் சீட்டில் இரும்புக் கம்பெனி சீருடையில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "டான்ஸ் இன்டர்வியூல எம் பொண்ணு கிரேன் சிக்னல் காட்டிட்டு வந்துக்கீறா."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"இன்னா நைனா சொல்ற?"

"யூனிவர்சிட்டில டான்ஸ் படிக்கணும்னு போனா. முத்திரை காட்டும்மான்னாங்களாம். பயத்துல கிளாசுல கத்துக்கினது எல்லாம் மறந்துபோச்சு. நான் கிரேன்காரனுக்குக் கையில காட்டுவேன்ல, தூக்கு, திருப்பு, எறக்குன்னு? அத காட்டிக்கீறா."

"மில்லு சத்தத்துல பேச்சு கேக்காதுன்னு காட்றோமே, அதுவா?"

"அதேதான்."

"பேஜாராப் பூட்ச்சே. சீட்டு குடுப்பாங்களா?"

"தெரியல. ஆனா கடைசியா, நிறுத்துன்னு கையக் காட்டினாளாம். எதிர்ல ஒக்காந்து மார்க்கு எழுதிக்கினு இருந்த மூணு பேரும் எழுதுறத நிறுத்திட்டாங்களாம்."