தெருமுனையில் கேட்கும் சத்தம்

— பெருசெல்லாம் வேணாம். இருக்கிற டர்போவையே பிரிச்சு, பேரிங் மாத்திக் கொடுங்க. போதும்.

— சார், நீங்க வச்சிருக்கிறது ஸ்போர்ட்ஸ் கார். பேசுறது கட்டை வண்டிக்காரர் மாதிரி இருக்கு. மெக்கானிக்கா என் கடமை, சொல்லிட்டேன். பழசைக் கழட்டிப் போட்டுட்டு பெருசா ஒண்ணு மாட்டுங்க, வண்டி பறக்கும்.

— ஏங்க, அவர்தான் சொல்றாரே. பெருசையே போட்டுடலாமே.

— யாரு, நீயா பேசுறது? இந்தக் காரை வாங்கினதுக்கு ஒரு வாரம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தவ.

— அது அப்போ. செய்யறதுதான் செய்யறோம், கொஞ்சம் பவரா செஞ்சா என்ன?

— பவரா. முதல்ல டர்போன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?

— ஏன் தெரியாம? எஞ்சினுக்குக் காத்து ஊதுறது. ஊதறதுதான் ஊதுது, நல்லா ஊதட்டுமே.

— மேடம் சொல்றது நியாயம் சார்.

— உங்களுக்கு நியாயமாத்தான் இருக்கும். பில் போடப் போறது நீங்க.

— பில்லை விடுங்க. இப்படியே ஓட்டினா ஆபத்து. உள்ள இருக்கிற சக்கரம் ஆடுது. உடைஞ்சா துண்டு நேரா எஞ்சினுக்குள்ள போகும். அப்புறம் வண்டியத் தள்ளிட்டுதான் போகணும்.

— அதுக்குத்தான் சரி பண்ணச் சொல்றேன். இருங்க, ஆபீஸ் போன். வெளியில போய்ப் பேசிட்டு வரேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து ராக்கெட் எதுவும் பூட்டிடாதீங்க.

— தம்பி, அவர் போயிட்டாரா?

— கேட்டுக்கு வெளியில நிக்கிறாரு. சொல்லுங்க மேடம்.

— இப்ப வீல்னு கத்துதே, பழசைச் சரி பண்ணா அந்தச் சத்தம் போயிடுமா?

— சுத்தமா போயிடும். வண்டி பூனை மாதிரி வரும்.

— போச்சுடா. பெருசு போட்டா?

— அது பொறவியிலேயே விசில் அடிக்கிற ஜாதி. நாலு தெரு தள்ளிக் கேக்கும்.

— அதையே போடுங்க.

— மேடம், சத்தம் வேணும்னு புருஷன்தான் வருவாரு. பொண்டாட்டி பின்னாடியே திட்டிக்கிட்டு வருவாங்க. இங்க எல்லாம் தலைகீழா இருக்கு.

— என் கொழுந்தனுக்காகத் தம்பி. இவர் கூடப் பொறந்தவன். கார் புதுசா வந்தப்போ ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போய், எங்கயோ சுவத்துல உரசிட்டான்.

— இடது கதவுல ஒரு கீறல் இருக்கே, அதுவா?

— அதேதான். அந்தக் கீறலுக்கு, இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டாரு. ரெண்டு வருஷமா பேச்சே இல்ல.

— நான் எத்தனையோ தடவை பெயின்ட் அடிச்சுத் தரேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரே.

— அழிஞ்சுட்டா எதைப் பாத்துக் கோவப்படறது?

— அப்ப உங்க கொழுந்தன் வர்றதே இல்லையா?

— தினம் வரான். என் மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. சின்ன மகன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாத்தான் அவங்களுக்கு ஒரு வாய் இறங்கும். சாயங்காலமானா இவர் தெருமுனையில காரை நிறுத்தி, ஆக்சிலேட்டரை ரெண்டு மிதி மிதிப்பாரு. வராருன்னு தெருவுக்கே தெரியணுமாம், பந்தா. அந்தச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். கேட்டதும் அவன் கையைக் கழுவிட்டுப் பின்பக்கமா ஓடிடுவான்.

— சத்தம் நின்னுச்சுன்னா?

— ஒருநாள் கையும் களவுமா மாட்டிக்குவான். இவர் கத்துவாரு, அவன் வர்றத நிறுத்திடுவான். அப்புறம் என் மாமியார் பொழைக்க மாட்டாங்க தம்பி. எனக்கு அந்தப் பயம்தான்.

— அழாதீங்கக்கா. பெருசுதான். நான் பேசிக்கறேன். வராரு, வராரு.

— என்ன, ராக்கெட் பூட்டியாச்சா?

— சார், நல்லா யோசிச்சேன். இந்த மாதிரி காருக்குச் சத்தம்தான் லட்சணம். சத்தமில்லாம வந்து நின்னா யார் மதிப்பா?

— வண்டியக் கொண்டு வந்து விட்டதும், இது சாகற சத்தம்னு சொன்னது நீங்கதானே?

— அது நோயாளி சத்தம் சார். இது ஆரோக்கியமான சத்தம்.

— ஆமாங்க. நடந்து போறவங்களும் பாவம், கேட்டு ஒதுங்கிக்கலாம்ல.

— ஒதுங்கட்டும்னுதானே நானும் தினம் தெருமுனையில நின்னு மிதிக்கிறேன்.

— என்னங்க சொல்றீங்க?

— வீட்டுக்குள்ள வந்தா அம்மா கட்டில் பக்கத்துல பாதி சாப்பிட்ட தட்டு. நான்தான் சாப்பிட்டேன், பசிக்கலன்னு நீ தினம் ஒரே பொய்யச் சொல்லுவ. நானும் தினம் நம்புவேன்.

— அது வந்துங்க...

— மெக்கானிக், பழசையே சரி பண்ணுங்க. சத்தம் துளி வரக் கூடாது. ஒரு நாளாவது அவன் முழுசா சாப்பிட்டு எந்திரிக்கட்டும்.